காரணம் தேடிய கருணை: ஜூலியா லாத்ரப் அம்மையாரின் சிறார் நலப் பணி

சிறுவன் ஒருவன் தவறு செய்துவிட்டான் எனின், சமுதாயம் அவனை நோக்கி இரண்டு வினாக்களில் ஒன்றை எழுப்பலாம். ‘என்ன செய்தான்?’ என்பது ஒன்று, ‘ஏன் செய்தான்?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை காண்பது எளிது. கண்டவர் இருவர் சான்று கூறினால் போதும். அதற்குரிய தண்டனையும் சட்ட நூலில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் வினா அத்துணை எளிதன்று. அதற்கு விடை காண விழைபவர் அச்சிறுவனின் வீட்டுப் படியேற வேண்டும். அவன் தாயிடம் அமர்ந்து பேச வேண்டும். தந்தையின் வருவாயை அறிய வேண்டும். பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் ஆராய வேண்டும். உழைப்பு மிகுந்த வினா ஆதலின், மனித குலம் நெடுங்காலம் அதனைக் கேளாமலே காலம் கழித்தது.

அவ்வினாவை நீதிமன்றமும் அரசாங்கமும் கேட்டே தீரவேண்டும் என்ற நிலையை உருவாக்கியவர்களுள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் ஜூலியா கிளிஃபோர்டு லாத்ரப் அம்மையார் ஆவார். பிள்ளைகளின் நடத்தை, மனநலம், குடும்ப நலம் ஆகியவற்றைப் பற்றி இன்று உலகெங்கும் நடைபெறும் சமூகப் பணி ஆய்வுகளின் வேர்களைத் தேடிச் செல்வோர் இவ்வம்மையாரின் வாழ்வை வந்தடையாமல் இருத்தல் இயலாது.

இளமையும் கல்வியும்

லாத்ரப் அம்மையார் 1858 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் லாத்ரப் வழக்கறிஞர். அமெரிக்க நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக வீற்றிருந்தவர். தாயார் பெண்களின் வாக்குரிமைக்கு ஆதரவாக நின்றவர். 1880 இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்ற ஜூலியா, அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தந்தையாரின் அலுவலகத்தில் பணியாற்றிச் சட்ட நுணுக்கங்களைத் தாமே பயின்றார். படித்த பெண்ணுக்குப் பொதுவாழ்வில் இடமில்லாத காலம் அது. ஆயினும் அலுவலகத்து மேசையருகே கழிந்த அப்பத்தாண்டுகள் வீண் போகவில்லை. சட்டம் எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்விடத்தில் அது ஏழையைக் கைவிடுகிறது என்பதனை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஹல் இல்லம்

1889 இல் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு மாதர் சிக்காகோ நகரின் ஏழையர் பகுதியில் ‘ஹல் இல்லம்’ என்னும் தொண்டு நிலையத்தைத் தொடங்கினர். கற்றவர்கள் ஏழையர்க்குத் தொலைவிலிருந்து உதவி அனுப்புவதை விடுத்து, அவர்களுக்கு அண்டை வீட்டாராகவே வாழ வேண்டும் என்பது அந்நிலையத்தின் கொள்கை. மறு ஆண்டே லாத்ரப் அம்மையாரும் அங்குச் சென்று சேர்ந்தார்.

அக்காலச் சிக்காகோ கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்த நகரம். 1880 இல் சுமார் ஐந்து லட்சமாக இருந்த மக்கள்தொகை 1890 இல் பதினொரு லட்சமாகவும், 1900 இல் பதினேழு லட்சமாகவும் பெருகிற்று. இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்து நாட்டினர், ரஷ்ய யூதர் எனப் பல நாட்டவரும் பிழைப்புத் தேடி வந்து குவிந்தனர். இறைச்சிக் கூடங்களும் இரும்பாலைகளும் தையற்கூடங்களும் அவர்கள் உழைப்பை உறிஞ்சின. பெற்றோர் பேசிய மொழி ஒன்று. தெரு பேசிய மொழி வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் தவித்தனர்.

1893 இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அக்குளிர்காலத்தில், அரசு உதவி வேண்டி விண்ணப்பித்த குடும்பங்களை நேரில் கண்டு உண்மை அறியும் பணியை லாத்ரப் அம்மையார் ஏற்றார். ஹல் இல்லத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் படியேறினார். அப்பட்டறிவின் பயனாக அவர் எழுதிய கட்டுரை, ஹல் இல்லத்தார் 1895 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் இடம்பெற்றது. எந்த வீட்டில் எந்நாட்டவர் வாழ்கின்றனர், வாரக்கூலி எவ்வளவு என்பதனை வண்ணங்களால் காட்டிய வரைபடங்கள் அந்நூலில் இருந்தன. இரக்கப்படுதல் வேறு, அறிந்து இரங்குதல் வேறு என்பதனை அந்நூல் உணர்த்திற்று.

நூற்றிரண்டு விடுதிகள்

அதே 1893 இல், இலினோய் மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு, மாநில அறநிலைய வாரியத்தின் உறுப்பினராக அம்மையாரை நியமித்தார். அவ்வாரியத்தில் இடம்பெற்ற முதற்பெண்மணி அவரே. பதவி கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை பயணம். மாநிலத்தின் 102 மாவட்டங்களிலும் இருந்த ஏழையர் விடுதிகளை ஒன்றுவிடாமல் நேரில் சென்று கண்டார்.

அங்கே அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிளப்பதாய் இருந்தது. முதியோர், நோயாளர், மனநோயுற்றோர், அறிவு வளர்ச்சி குன்றியோர், பெற்றோரற்ற குழந்தைகள் ஆகிய அனைவரும் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்தனர். ஏழ்மை என்னும் ஒரே பெயர் அவர்கள் அனைவருக்கும் சூட்டப்பட்டிருந்தது. ஒவ்வொருவர்க்கும் வேண்டிய உதவி வெவ்வேறு என்பதனை உணர்ந்தார் எவருமிலர். குழந்தைகளைத் தனியே பிரித்துக் காக்கவேண்டும், மனநோயாளர்க்கு உரிய மருத்துவம் வேண்டும், பெண் நோயாளரைக் கவனிக்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று அம்மையார் ஓயாது வற்புறுத்தினார். 1901 இல், இந்நிலையங்களின் வேலைகள் தகுதி நோக்காது கட்சிச் சார்பு நோக்கி வழங்கப்படுவதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். பின்னர் 1905 இல் மீண்டும் வாரியத்தில் அமர்ந்து பணியைத் தொடர்ந்தார்.

சிறார் நீதிமன்றத்தின் தோற்றம்

அந்நாளில் சிக்காகோவில் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவர்கள் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைக்கப்பட்டு வந்தனர். இருப்புப்பாதையில் நின்ற பெட்டிகளிலிருந்து நிலக்கரி அள்ளியதும், ஓடும் வண்டியில் தொற்றியதும், கல்லெறிந்ததும்கூட நீதிமன்றம் ஏறிய வழக்குகளாயின. குளிரில் நடுங்கும் தம்பி தங்கையர்க்காக நிலக்கரி பொறுக்கிய சிறுவன், கைதேர்ந்த கள்வனின் பக்கத்தில் இரவைக் கழித்தான். வெளிவருங்கால் அவன் எதனைக் கற்று வந்திருப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கொடுமையை ஒழிக்க லாத்ரப் அம்மையாரும் லூசி ஃபிளவர் என்னும் மாதரசியாரும் முன்னின்றனர். மகளிர் மன்றத்தினரும் வழக்கறிஞர் சங்கத்தினரும் துணை நின்றனர். 1899 இல் இலினோய் சட்டமன்றம் சிறார் நீதிமன்றச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு ஜூலை 3 ஆம் நாள் சிக்காகோவில் உலகின் முதற்சிறார் நீதிமன்றம் எனக் கருதப்படும் மன்றம் திறக்கப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்டோர் வழக்குகள் அதன் பொறுப்பில் வந்தன. பன்னிரண்டு வயது நிறையாத குழந்தையைச் சிறையில் அடைத்தல் ஆகாது என்று சட்டம் தடுத்தது. பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்து நீதிபதிக்கு அறிவிக்கவும், அவனை வீட்டில் வைத்தே கண்காணித்து வழிநடத்தவும் நன்னடத்தை அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர்.

ஆனால், அவ்வதிகாரிகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் வழங்கலாகாது என்றும் அதே சட்டம் கூறிற்று! கருணைக்கு இசைந்த சட்டமன்றம் செலவுக்கு இசையவில்லை. எனவே மகளிரே குழு அமைத்து, நன்கொடை திரட்டி, ஊதியம் அளித்தனர். முதல் நன்னடத்தை அதிகாரியாகப் பொறுப்பேற்றவர் ஹல் இல்லத்தைச் சேர்ந்த அல்சீனா ஸ்டீவன்ஸ் அம்மையார். அவர் தம் பதின்மூன்றாம் வயதிலேயே நெசவாலையில் வேலைக்குச் சென்று, இயந்திரத்தில் சிக்கி விரலொன்றை இழந்தவர். குழந்தைப் பருவம் பறிபோவது என்றால் என்னவென்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘ஏன்?’ என்னும் வினா

மன்றம் அமைந்தது, சிறையிலிருந்து சிறுவர் மீண்டனர். எனினும் சில ஆண்டுகளில் புதியதோர் உண்மை புலப்பட்டது. சில பிள்ளைகள் மீண்டும் மீண்டும் அதே மன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அன்பான நீதிபதியும் அக்கறையுள்ள அதிகாரியும் இருந்தும் அவர்கள் திருந்தவில்லை. இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதனை லாத்ரப் அம்மையாரும் அவர்தம் தோழியரும் உணர்ந்தனர்.

அதன் விளைவாக, எத்தல் ஸ்டர்ஜஸ் டம்மர் என்னும் செல்வப் பெண்மணியின் பொருளுதவியால் 1909 இல் சிக்காகோவில் சிறார் உளநோய் ஆய்வு நிலையம் தோன்றியது. நரம்பியல் மருத்துவரான வில்லியம் ஹீலி அதன் இயக்குநரானார். குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்றும், மண்டையோட்டின் அமைப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும் என்றும் ஐரோப்பிய அறிஞர் சிலர் கூறிவந்த காலம் அது. ஹீலி அக்கூற்றை ஏற்காது, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஆராய்ந்தார். மருத்துவச் சோதனை, அறிவுத்திறன் சோதனை, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு, பிள்ளை தன் வாயாலேயே கூறும் தன் கதையையும் செவிமடுத்துப் பதிந்தார். குற்றத்துக்கு ஒற்றைக் காரணம் இல்லை. வீடு, தெரு, உடல்நோய், மனக்காயம், தீய நட்பு எனப் பல காரணங்கள் ஒருவனிடத்தே பின்னிக் கிடக்கின்றன என்று 1915 இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார்.

மருத்துவர், உளவியலறிஞர், சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் ஒருங்கே அமர்ந்து ஒரு பிள்ளையைப் பற்றி ஆலோசிக்கும் முறை இவ்வழியில் வளர்ந்ததேயாகும். 1922 முதல் காமன்வெல்த் நிதியம் என்னும் அறக்கட்டளையின் ஆதரவில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் எழுந்தன. 1929 இல் அவ்வறக்கட்டளையின் துணையால் லண்டன் மாநகரிலும் அத்தகைய நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது.

இதே காலத்தில் லாத்ரப் அம்மையார், கிரகாம் டெய்லர் என்பார் தொடங்கிய சமூகப் பணிப் பயிற்சிப் பள்ளியிலும் துணைநின்று, அங்கே ஆய்வுத் துறை அமைய வழிகோலினார். சிறார் நீதிமன்றத்தின் முதற்பத்தாண்டு வழக்குகளை ஆராய்ந்து சொஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ், எடித் அபட் ஆகிய இருவரும் 1912 இல் வெளியிட்ட நூலுக்கு அம்மையாரே முன்னுரை வழங்கினார். தவறு செய்த பிள்ளையை அவன் வீட்டினின்று பிரித்துப் பார்த்தல் ஆகாது என்பதே அந்நூலின் சாரம். 1911 இல் இலினோய் மாநிலம், ஏழ்மை ஒன்றையே காரணமாகக் கொண்டு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காமல், வீட்டிலேயே வளர்க்க உதவித்தொகை வழங்கும் சட்டத்தை இயற்றிற்று. 1920 க்குள் ஏறத்தாழ 40 மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

நாடளாவிய பணி

பருத்திச் செடியின் பூச்சியை ஆராய அரசாங்கத்தில் துறையிருக்க, குழந்தைகளின் நிலையை ஆராயத் துறையொன்று இல்லையே என்னும் குறையைச் சீர்திருத்தவாதிகள் 1903 முதலே எடுத்துரைத்து வந்தனர். 1912 ஏப்ரல் 9 ஆம் நாள் அதிபர் டாஃப்ட் குழந்தை நலப் பணியகச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் தலைவராக லாத்ரப் அம்மையார் நியமிக்கப்பட்டார். அமெரிக்க மத்திய அரசின் பணியகமொன்றுக்குத் தலைமையேற்ற முதற்பெண்மணி அவரே. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920 இல்தான் என்பதை நினைந்தால் இந்நியமனத்தின் அருமை விளங்கும்.

பணியகத்துக்குக் கிடைத்ததோ 15 ஊழியர். ஆண்டுக்கு 25,640 டாலர். எதனைத் தொடுவது, எதனை விடுவது? குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்ற வினாவையே அம்மையார் முதலில் கையிலெடுத்தார். 1913 இல் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் என்னும் இரும்பாலை நகரில் ஆய்வு தொடங்கிற்று. ஓராண்டில் அந்நகரில் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் பெண் ஆய்வாளர்கள் நேரில் சென்று, தாய்மாரிடம் உரையாடிக் குறிப்பெடுத்தனர். ஆயிரம் குழந்தைகளுள் 134 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டமை தெரியவந்தது. தந்தையின் வருவாய் குறையக் குறையக் குழந்தை இறப்பு மிகுந்தது; தூய குடிநீரும் கழிவு வசதியும் இல்லாத பகுதிகளில் அது மேலும் ஏறியது. குழந்தை இறப்பதற்குத் தாயின் அறியாமையே காரணம் என்று பழி கூறிவந்தவர்களுக்கு அவ்வெண்களே மறுமொழியாயின. சிறார் நீதிமன்றத்தில் எழுந்த ‘ஏன்?’ என்னும் அதே வினா இங்கே தொட்டிலருகே எழுந்தது. விடையும் பெரும்பாலும் வீட்டின் வறுமையையே சுட்டிற்று.

தாய்மார்க்கென எளிய நடையில் எழுதப்பெற்ற கைந்நூல்களைப் பணியகம் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. 1916 இல், மருத்துவர் இருக்குமிடத்திலிருந்து 65 மைல் தொலைவில் வாழ்ந்த வயோமிங் மாநிலத்துக் கருவுற்ற பெண்ணொருத்தி தன் அச்சத்தை எழுதியபோது, அம்மையார் தாமே மறுமொழி வரைந்து உதவிக்கு ஏற்பாடு செய்தார். எண்களைத் தொகுத்த கை, அவ்வெண்களுக்குள் இருந்த மனிதரை மறக்கவில்லை.

1921 இல் அம்மையார் ஓய்வு பெற, கிரேஸ் அபட் அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில், லாத்ரப் அம்மையார் வகுத்த திட்டத்தை அடியொற்றிய தாய் சேய் நலச் சட்டம் நிறைவேறியது. மருத்துவச் சங்கத்தாரின் கடும் எதிர்ப்பால் அது 1929 இல் முடிவுற்றபோதிலும், 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் நோக்கம் மீண்டும் உயிர்பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1932 ஏப்ரல் 15 ஆம் நாள், அம்மையார் மறைந்துவிட்டார்.

நிழலும் உண்டு

வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுத்தல் முறையாகாது. பணியகத்தின் 1914 ஆம் ஆண்டுக் கைந்நூல், குழந்தையோடு அடிக்கடி விளையாடுதல் கூடாது, கடிகாரம் காட்டும் நேரத்திற்கே பாலூட்டல் வேண்டும் என்றெல்லாம் தாய்மாரைக் கண்டித்தது. பிற்கால ஆய்வு அக்கருத்துகளை மாற்றிவிட்டது. ஆய்வாளரும் தம் காலத்துக்குக் கட்டுப்பட்டவரே.

இதனினும் பெரிய குறை சிறார் நீதிமன்றத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. நீதிபதி தந்தையைப் போன்றவர். தந்தைக்கும் பிள்ளைக்கும் நடுவே வழக்கறிஞர் எதற்கு என்று அதனை அமைத்தோர் எண்ணினர். அரிசோனா மாநிலத்தில் 1964 இல் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தொலைபேசியில் தகாத சொற்களைப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். பெற்றோர்க்கு முறையான அறிவிப்பு இல்லை, வழக்கறிஞர் இல்லை, குற்றஞ்சாட்டியவர் மன்றத்துக்கு வரவேயில்லை. இருபத்தொரு வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்குமாறு தீர்ப்பாயிற்று. வயது வந்த ஒருவர் அதே குற்றத்தைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அன்றேல் அதிகமாகப் போனால் இரண்டு மாதச் சிறை, அவ்வளவே! 1967 மே 15 ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, சிறுவர்க்கும் வழக்கறிஞர் துணையும் முறையான விசாரணையும் உரிமையாகும் என்று அறிவித்தது. அன்பு நீதியின் இடத்தை நிரப்பிவிடும் என்று நம்பியவர்களுக்கு அது தக்க பாடம். ‘ஏன் செய்தான்?’ என்று கேட்பதற்கு முன், ‘செய்தான்தானா?’ என்று நேர்மையாகக் கேட்கவும் வேண்டும்.

மலேசிய மண்ணில்

சிறார்க்குத் தனி மன்றம் என்னும் கருத்து அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. பிரிட்டன் 1908 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தால் அதனை ஏற்றது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவில் 1947 இல் சிறார் நீதிமன்றச் சட்டம் பிறந்தது. மலேசியாவில் அதற்கு மாற்றாக 2001 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக ஆலோசகர் இருவர் அமர்வர். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின், ஆணை பிறப்பிக்கும் முன்னர், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை மன்றம் கருத்திற்கொள்ள வேண்டும். பிள்ளையின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு ஆகியவை அவ்வறிக்கையில் இடம்பெற வேண்டியவை. சிக்காகோவின் தெருக்களில் வீடு வீடாகப் படியேறியவர்கள் திரட்டிய செய்திகளும் இவையே அன்றோ!

‘பள்ளிப் பதிவு’ என்னும் சொல்லை ஆசிரியர்கள் சற்றே நின்று நோக்குதல் நலம். மாணவனின் பதிவேட்டில் ‘அடங்காதவன்’, ‘சோம்பேறி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி முடித்துவிடுவது எளிது. நாள்தோறும் தாமதமாக வருபவன் விடியற்காலையில் தம்பியைப் பராமரித்துவிட்டு வருகிறானோ, பலகையில் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரிகிறதோ, வீட்டில் அவனை அச்சுறுத்துவது எதுவோ என்று கேட்டறிந்து எழுதுவது அரிது. ஒருநாள் ஒரு மன்றத்தில், அப்பிள்ளையின் எதிர்காலம் முடிவாகும் வேளையில், அந்த வரி படிக்கப்படலாம். அப்பிள்ளையை ஐந்தாறு ஆண்டுகள் நாள்தோறும் கண்டவர் எழுதிய வரி என்பதால் அதற்கு எடையும் இருக்கும்.

லாத்ரப் அம்மையார் நூற்றிரண்டு விடுதிகளையும் தம் கண்ணால் கண்ட பின்னரே அறிக்கை எழுத அமர்ந்தார். பிள்ளைகளைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அவரிடத்துக் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே.